அனுபவம் எத்தனை வருஷம்?

கேள்வி: போகிற இடமெல்லாம் 'முன் அனுபவம் உண்டா?' என்கிறார்கள். அது இல்லாதவரை நம்பிக் கைகொடுத்தவர் யாராவது உண்டா?
– வாசகர், கோலா தெர்லா, கேமரன் மலை

பதில்: உண்டு. வேலை தராமலே கைகொடுத்தவர்!

1910-ல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயரிடம் ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வு தேறாதவர், அனுபவம் பூஜ்யம், கையில் ஒரு கணக்கு நோட்டு மட்டும். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரான ஐயர் நோட்டைப் புரட்டினார். இவரைத் தாலுகா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது. சிபாரிசுக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார்.

இளைஞர், சீனிவாச ராமானுஜன்.

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் தந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்குப் பித்தர்! 1913-ல் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதிலும் தன் 'அனுபவ'மாக அந்தக் குமாஸ்தா வேலையைத்தான் எழுதியிருந்தார் ராமானுஜன்.

மறு வருடம் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இம்முறை பயணியாக!