உடுமலை முதல் தனுஷ்கோடி வரை: மலை, வயல், பொட்டல், கடல்

கார் பயணத்துக்கு வழி கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆசைதான்: குறைந்த நாளில் விதவிதமான நிலம் பார்க்க வேண்டும். ஊர் ஊராகப் பட்டியல் கொடுப்பதற்குப் பதில், எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாதையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மலையும் வேண்டும், காடும் வேண்டும், கடலும் வேண்டும். ஒரே பயணத்தில் நடக்குமா? (திருப்பூர்)

நடக்கும். உடுமலையில் கிளம்புங்கள். சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. அங்கிருந்து போடிமெட்டு இறங்கி போடி, தேனி, மதுரை. பிறகு ராமநாதபுரம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. மூணாறு தொடங்கித் தனுஷ்கோடி வரை கிட்டத்தட்ட ஒரே நெடுஞ்சாலை. கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று பெரியவர்கள் சொல்லும் பழைய 49ஆம் எண் சாலை. இப்போது மதுரை வரை 85, அதற்குப் பிறகு 87. மொத்தமே 450 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: 450 கிலோமீட்டர்தானே? ஒரே நாளில் போய்விடலாமே! (சென்னை)

போய்விடலாம். பார்க்க முடியாது. மலைச் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இருட்டில் போய்ச் சேர்கிறார்கள். வெளிச்சத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் ஊரைப் பார்க்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மாலை நான்கு மணிக்குத் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். முதல் நாள் மூணாறு. இரண்டாம் நாளும் மூணாறிலேயே. மூன்றாம் நாள் மலையிறங்கி மதுரை. நான்காம் நாள் விடியலில் கிளம்பித் தனுஷ்கோடி. திரும்பி வர இன்னொரு நாள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூணாறில் ஒரு நாளைக் குறையுங்கள், மலையிறங்கும் நாளைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: உடுமலையில் இருந்து மூணாறு போகும்போது முதலில் முள்ளுக்காடு, கொஞ்ச நேரத்தில் தேயிலை, குளிர், பனிமூட்டம். நூறு கிலோமீட்டருக்குள் எப்படி இவ்வளவு மாற்றம்? (பொள்ளாச்சி)

இந்தப் பயணத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கொட்டித் தீர்க்கிறது. மூணாறு அந்த மழையில் நனைகிற ஊர். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. அதனால் சின்னாறு மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. கள்ளியும் வேலமரமும் அங்கே இருப்பது அதனால்தான். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் அங்கே வாழ்கின்றன. நடுவில் மறையூர்: சந்தனக் காடு, கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், பாறைப் பலகைகளை நிறுத்திக் கட்டிய பெருங்கற்காலக் கல்லறைகள். மேலே ஏற ஏற மழையின் கணக்கு கூடுவதைக் கார் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

மலையின் கிழக்குப் பக்கம் இன்னொரு வியப்பு. மழைமறைவில் இருக்கிற கம்பம் பள்ளத்தாக்கு ஏன் இவ்வளவு பச்சையாக இருக்கிறது? மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895இல் கட்டி முடித்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பின. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை. அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகை அணையில் சேர்ந்து, மதுரைக்கும் அதற்குக் கிழக்கேயும் போகிறது. பாலார்பட்டியில் ஆண்டுதோறும் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தேனியில் இருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்பம் பக்கம் போய்விட்டு வர நேரம் இருந்தால் கட்டாயம் போங்கள். பன்னீர் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்த பிறகு, மதுரையில் குழாயைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் வந்த வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? (ஈரோடு)

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறில் பலத்த மழை, மண்சரிவு. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள்; தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள். அந்த மாதங்களில் வேடிக்கை பார்க்கப் போவது சரியில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாம்பன் பக்கம் புயல் காலம்.

நாள் குறிக்கும் முன் வானிலையோடு சேர்த்துத் தினசரி காலண்டரையும் பாருங்கள். ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடியும் வரை தேனி, கம்பம் சாலைகளில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறைந்திருக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உடுமலைப் பக்கச் சாலைகளில் விடியற்காலையிலேயே நடப்பார்கள். வேகம் கூடவே கூடாது. தை அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க ஆசையென்றால் ஜனவரியிலேயே போய்விடுங்கள். குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

கேள்வி: நீலக்குறிஞ்சி? (சேலம்)

2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2030க்கு இப்போதே குறித்து வையுங்கள்.

கேள்வி: தமிழாசிரியராக இருக்கிறேன். ஐந்திணையையும் இந்தப் பாதையில் காட்ட முடியுமா? மாணவர்களிடம் சொல்ல வேண்டும். (தஞ்சாவூர்)

காட்டலாம், ஐயா. மூணாறு குறிஞ்சி. தேனிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே ஆண்டிப்பட்டிக் கணவாய்ப் பக்கம், ஆடு மேய்கிற காட்டோரம் முல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வயல் மருதம். தனுஷ்கோடி நெய்தல். பாலை எங்கே என்று மாணவர்கள் கேட்பார்கள். பாலை தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு எடுக்கிற கோலம் என்று சிலப்பதிகாரம் சொல்வதை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். சித்திரையில் சின்னாறு போய் நின்றால் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: மூணாறில் பார்க்க வேண்டிய பன்னிரண்டு இடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எப்படி முடிப்பது? (கரூர்)

பத்தை அடித்துவிடுங்கள். மிச்சம் இரண்டுக்கும் நாள் முழுக்கக் கொடுங்கள். என்னைக் கேட்டால் காலையில் இரவிகுளம், மாலையில் தேவிகுளம் தாண்டிக் கேப் ரோட்டில் ஓர் ஓரமாக நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்ப்பது. ஜனவரிக் குளிர் பூஜ்யத்தைத் தொடுகிற நாளும் உண்டு. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

கேள்வி: சமவெளியில் பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். மலைச் சாலை என்றால் பயம். போடிமெட்டு இறங்க முடியுமா? (திருச்சி)

பயம் நல்லது, அதுதான் உங்களை நிதானமாக ஓட்ட வைக்கும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டத்துக் குளிரில் இருந்து போடியின் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இறங்குவீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; இரண்டாவது கியர் பெரும்பாலும் போதும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் தாழ்ந்த கியரில் நிறுத்திவையுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தி விட்டு அழுத்தி விட்டு வாருங்கள். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. வளைவுக்கு முன் ஹாரன். ஏறி வருகிற வண்டிக்கு எப்போதும் வழி. பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் ஒதுங்கி அவரை முன்னே விடுங்கள். கீழே போடியில் இறங்கியதும் ஒரு டீ குடியுங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் அது.

கேள்வி: அம்மாவுக்கு மலையேறினால் வாந்தி வரும். (நாமக்கல்)

முன் சீட் அம்மாவுக்கு. வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கண் தூரத்தில் இருக்கட்டும், போன் பைக்குள் போகட்டும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும்.

கேள்வி: பெண்களும் குழந்தைகளும் வருகிறோம். வழியில் கழிப்பறைதான் பெரிய கவலை. யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. (மதுரை)

எழுத வேண்டிய விஷயம்தான், சகோதரி. உடுமலை, மறையூர், மூணாறு, போடி, தேனி என்று ஊருக்கு ஊர் நிறுத்துவதாகவே திட்டம் போடுங்கள்; நடுவில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்குவது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: வாடகைக் கார் எடுத்தால் கேரளாவுக்குத் தனி அனுமதி வேண்டுமா? (கோவை)

மஞ்சள் போர்டு வண்டிக்குக் கேரளாவுக்குள் போகும் பர்மிட் முன்கூட்டியே இருக்க வேண்டும். பேசும்போதே டிரைவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்தக் காருக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று போதும். உடுமலைப் பக்கம் ஒன்பதாறு சோதனைச் சாவடியிலும் சின்னாறிலும் வண்டியைப் பார்ப்பார்கள். இரவில் அந்தக் காட்டுச் சாலையில் விடமாட்டார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது. பயணத்தில் அவற்றைச் சேர்த்தால் மறக்காதீர்கள்.

கேள்வி: சாலையில் யானை நின்றால்? (திண்டுக்கல்)

தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை அடித்துக் காட்டக் கூடாது, கீழே இறங்கவே கூடாது. பின்னால் எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். அது போகும் வரை காத்திருப்பதுதான் ஒரே வழி. சின்னக்கானலில் திரிந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023இல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மலையிறங்கிக் கம்பம் தெருவுக்கு வந்தது. கடைசியில் தமிழக வனத்துறை களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஆனையிறங்கல் அணைப் பக்கம் போகும்போது, நாம் அவற்றின் வழியில் போகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

கேள்வி: மதுரைக்கு அப்புறம் ராமேஸ்வரம் வரை வெறும் பொட்டல். தூங்கிவிடலாமா? (கோவை)

தூங்காதீர்கள்! அந்தப் பொட்டலைப் படித்தவர்தான் இந்தப் பயணத்தை முழுதாகப் படித்தவர். மழை குறைந்த நாட்டில், விழுகிற துளியையும் ஆற்றில் வருகிற கொஞ்சத்தையும் கண்மாய் கண்மாயாகத் தேக்கி வாழக் கற்றவர்களின் பூமி அது. வைகை பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. நடுவில் எங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதும் கண்ணில் படும், மனசும் கனக்கும். கண்மாயில் தண்ணீர் இருக்கிற ஆண்டில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை போன்ற இடங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டியிருக்கும். சாலையோரம் குண்டு மிளகாய் காய்வதைப் பார்த்தால் நிறுத்தி ஒரு கிலோ வாங்குங்கள். முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு பெற்றது அதுதான்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமா? (விருதுநகர்)

கூடாது. பாலத்துக்கு முன்போ பின்போ வண்டியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். 1914இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம். அங்கிருந்து கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கேள்வி: தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குப் போவது? அங்கே என்ன இருக்கிறது? (நெல்லை)

காலையில் போங்கள். மாலையில் சாலையை மூடிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஒரு துறைமுக நகரத்தையும், வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை கார் போகும் சாலை 2017இல்தான் வந்தது. இருபுறமும் கடல், கடலுக்குள் முடிகிற சாலை. நீரோட்டம் கடுமையானது, குளிக்க இறங்காதீர்கள். மீனவக் குடும்பங்கள் இன்னும் அங்கே வாழ்கின்றன. அவர்கள் கடையில் மீன் வறுவலோடு சாப்பிடுங்கள், சங்கு, சிப்பி மாலை வாங்குங்கள். இடிந்த சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், அங்கே மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: காட்டு வழியில் மறக்காமல் எடுத்துப் போக வேண்டிய பொருள் ஒன்று சொல்லுங்கள். (உடுமலை)

ஒரு காலிச் சாக்குப் பை. பிஸ்கட் கவர், தண்ணீர் பாட்டில், குழந்தையின் டயப்பர் எல்லாம் அதற்குள் போய், மதுரைக் குப்பைத் தொட்டியில்தான் வெளியே வர வேண்டும். மது பாட்டிலைச் சாலையோரம் வீசுகிறவர்கள் உங்களோடு வந்தால் வண்டியை நிறுத்திச் சண்டை போடுங்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறினால் புண் புரையோடி அது நடக்க முடியாமல் சாகும். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் வழியாகத்தான் எல்லோரும் மூணாறுக்கு ஏறுகிறார்கள், உடுமலைக்காரரே. சோதனைச் சாவடிக்கு முன்னால் டீக்கடையில் நிற்கிறவர்களிடம் இதை நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள்.