இருப்புப் பதிவேட்டுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கோடை முகாமில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்த வெளியாள்.

பெறுநர்:
மேன்மைமிகு இருப்புப் பதிவேடு அவர்கள்,
ஆய்வகப் பீரோ, மேல்தட்டு.

பொருள்: எல்.இ.டி. ஒன்று எரிந்துபோக அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

முறைப்படி இதைத் தலைமையாசிரியருக்குத்தான் எழுத வேண்டும். ஆனால் ஆசிரியர் ஆய்வக உதவியாளரைக் கேட்கிறார், உதவியாளர் தலைமையாசிரியரைக் கேட்கிறார், தலைமையாசிரியர் உங்களைப் புரட்டிப் பார்க்கிறார். தணிக்கைக்கு வருகிறவரும் உங்களோடு மட்டும்தான் பேசுவாராம். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு நடுவில் இருப்பவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

முதலில் பாராட்டு. தங்கள் காவலில் இருக்கும் ஆர்டுவினோ பலகைகள் வாங்கிய அன்றைய பளபளப்பு குறையாமல் இருக்கின்றன. 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கைவைத்துப் பழகட்டும் என்று மலிவாக உருவாக்கிய பலகை அது. அதை முகாம் வரும்வரை உறை பிரிக்காமல், உறை மேல் எண் எழுதி, இத்தனை காலம் பாதுகாத்திருக்கிறீர்கள். இவ்ரியாக்காரர்களுக்கு இந்த யோசனை வரவில்லை.

முகாம் பேனரில் ‘செய்து கற்போம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலையில் பொருட்கள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தன. மத்தியானம் திரும்ப எண்ணத் தொடங்கினோம். ஜம்பர் ஒயர், ரெசிஸ்டர், பொத்தான், எல்.இ.டி. என்று எண்ணி முடிப்பதற்குள் பஸ் நேரம் வந்துவிடும். ஒரு நாள் ஒரு ரெசிஸ்டர் குறைந்தது. மேசைக்கடியில் எல்லோரும் தவழ்ந்து தேடியதில் ஒரு வகுப்பே போயிற்று. கிடைத்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். முகாமில் எழுந்த முதல் கைதட்டல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். 20 மில்லிஆம்பியர் தாங்கும். 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் மீதி 7 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தலையில் கட்ட வேண்டும். 7ஐ 0.02ஆல் வகுத்தால் 350 ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 330, இல்லாவிட்டால் 390. பத்திரமாக இருக்கட்டும் என்று 390 எடுத்துக்கொள்வோம்: ஆரஞ்சு, வெள்ளை, பழுப்புக் கோடுகள். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், “ரெசிஸ்டர் இல்லாமப் போட்டா என்ன சார் ஆகும்?” என்றாள்.

ஓம் விதியைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. பதில் ஒரு நொடியில் முடிந்துவிடும்: பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் மின்னி, லேசான கருகல் வாடையோடு அணைந்துவிடும். அந்த வாடையை முகர்ந்தவள் அப்புறம் ரெசிஸ்டரை மறக்கவே மாட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நின்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். செலவு ஓரிரண்டு ரூபாய். ஆனால் உதவியாளர் உங்களைப் பார்த்தார், நான் உதவியாளரைப் பார்த்தேன். “எரிஞ்சிடும்மா” என்று வாயாலேயே சோதனையை முடித்துவைத்தேன்.

பிறகு ஒரு குறுக்குவழி கிடைத்தது. டிங்கர்கேட் இணையதளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே கட்டி ஓட்டிப் பார்க்கலாம். அளவு மீறினால் எல்.இ.டி. மேல் வெடிப்புச் சின்னம் தோன்றும். அன்று கணினி அறையில் சத்தமில்லாத தீபாவளி. பிள்ளைகள் வரிசையாக எரித்துத் தள்ளினார்கள், தங்கள் மேல் ஒரு வரிகூட ஏறவில்லை. ஆனால் திரையில் ஒயர் லூசாகாது, பேட்டரி இறங்காது, சால்டரிங் ‘டிரை’ ஆகாது. டிவி மெக்கானிக் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பிழைப்பில் பாதி இவற்றைத் தேடுவதுதான் என்பார்.

நிரல் எழுதும் விஷயத்தில் மட்டும் தாங்கள் தாராளம். ஆர்டுவினோ நிரலில் விளக்கு சிமிட்டும் இடைவெளி டிலே 1000 என்றிருந்ததைப் பிள்ளைகள் 100 ஆக்கினார்கள், 10 ஆக்கினார்கள். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நின்று எரிவதுபோல் தெரிந்தது. “கெட்டுப்போச்சா சார்?” என்று ஒருவன் பதறினான். அது அணைந்து அணைந்துதான் எரிகிறது, நம் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை என்றதும் மறுபடி 50, 30 என்று போட்டு எங்கே பிடிபடுகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டான். முகாமில் உருப்படியாக நடந்தது இதுதான். தப்பான நிரலை எண்ணி வாங்கிவைக்கத் தங்களிடம் கட்டம் இல்லாததால் நடந்தது.

பக்கத்து அறையில் வேதியியல். அங்கே அமிலம் தீர்கிறது, சோதனைக் குழாய் உடைகிறது. கரைத்த உப்பைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. தங்கள் சகோதரரான அந்த அறைப் பதிவேடு, ‘தீரும் பொருள்’ பக்கத்தில் கழித்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு எழுதிப்போடுகிறார்.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஓய்வுபெறும் நேரத்தில் நிலுவையின்மைச் சான்று கேட்டு நிற்கும்போது, “ஒரு மாணவி சந்தேகம் கேட்டாள், அதனால் எரிந்தது” என்று சொன்னால் எந்தத் தணிக்கை ஒத்துக்கொள்ளும்? நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

தங்கள் குலம் பெருகப்போவதற்கும் வாழ்த்துகள். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016இல் தொடங்கியது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் அமைப்பதற்கு 10 லட்சம், நடத்துவதற்கு 10 லட்சம். பொருள் தீரும் என்று டெல்லிக்கே தெரிந்திருக்கிறது! 2025-26 மத்திய பட்ஜெட்டில், அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்தார்கள். 50,000 பீரோக்கள், 50,000 சாவிக்கொத்துகள், மேல்தட்டில் தங்கள் வம்சத்தார்.

ஆகவே எல்.இ.டி., ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஜம்பர் ஒயர், 9 வோல்ட் பேட்டரி, சால்டர் ஈயம் ஆகியவற்றை நிலைப் பொருள் பக்கத்திலிருந்து தீரும் பொருள் பக்கத்துக்கு மாற்றி, தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மல்டிமீட்டரும் ஆர்டுவினோவும் தங்களிடமே இருக்கட்டும்; எண்ணித் தருகிறோம். கேள்வி கேட்ட மாணவி பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பொதுத்தேர்வு ஆண்டில் அவளுக்கு முகாமும் கிடையாது, எரிக்க நேரமும் கிடையாது. அடுத்த மே மாதம் வருகிற பிள்ளைகளுக்காவது ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முகாம் வாத்தியார்.

இணைப்பு: சிவப்பு எல்.இ.டி. ஒரு பாக்கெட், என் சொந்தச் செலவில். எந்தப் பக்கத்திலும் ஏற்ற வேண்டாம்.