முறுக்கு பத்தாதுங்க

பஞ்சாலையில் முப்பது வருஷம் நூலை நெருடிப் பார்த்தே ஓய்வு பெற்றவர்கள் பெருந்துறை வட்டாரத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பெரும்பாலோர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் வழி தவறிச் சங்கீதத்துக்குள் வந்துவிடுகிறது. அவர்களுக்குப் பாட வராது, வாசிக்க வராது. கம்பி பார்க்க வரும்.

இந்த இனத்தைச் சேர்ந்தவரைப் பெரியப்பா என்றே சொல்லிவிடலாம். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

எல்லாம் பேத்தியின் வயலினில் ஆரம்பித்தது. "ரெண்டாவது கம்பி தேஞ்சு போச்சுங்க, செட்டையே மாத்திடுங்க" என்று பாட்டு டீச்சர் போகிறபோக்கில் சொன்னார். சாதாரண மனிதர்கள் ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ போய் ஒரு செட் வாங்கி வந்து மாட்டியிருப்பார்கள். பெரியப்பா, "எந்தக் கம்பிங்க?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி கேட்டு இரண்டு பொங்கல் போய்விட்டது. பேத்தி தேய்ந்த கம்பியிலேயே சரளி வரிசை முடித்து, ஜண்டை வரிசை முடித்து, அலங்காரத்துக்கு வந்துவிட்டாள்.

பெரியப்பா சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறி, விஜயமங்கலம் டோல்கேட் வருவதற்குள் பக்கத்து சீட்காரருக்குக் கம்பி வகைகளை விளக்கிவிடுவார். தெக்கலூரில் இறங்க வேண்டிய அந்த ஆள் அவினாசியிலேயே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வார். கடையில் நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து பிக் கிளாஸ் வெளியே வரும். துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடி அது. மில் போனாலும் கண்ணாடி போகவில்லை. கம்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேல்சுற்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ஏனுங் தம்பி, இது கோர் ஸ்பன் தானுங்களே?"

கடைப் பையன் விழிப்பான். ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. உள்ளே ஒரு இழை, வெளியே இன்னொன்றைச் சுற்றினால் கோர் ஸ்பன் நூல். வயலின் கம்பியும் அதே சங்கதிதான். வியன்னாவின் தோமாஸ்டிக் கம்பெனி 1970-இல் டாமினன்ட் என்று ஒரு கம்பியைக் கொண்டுவந்தது. உள்ளே பெர்லான் என்கிற நைலான் வகை இழை, வெளியே அலுமினியமோ வெள்ளியோ சுற்று. அதுவரை உலகம் ஆட்டுக் குடலுக்கும் எஃகுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தது. குடல் கம்பிக்கு நாதம் உண்டு. ஈரக்காற்று அடித்தால் சுருதி போய்விடும். எஃகு நிற்கும், சத்தம் கொஞ்சம் கூசும். நைலான் இரண்டுக்கும் சமரசம் பேசிவைத்தது. இதையெல்லாம் பெரியப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கம்பியை உறைக்குள் போட்டு, "முறுக்கு பத்தாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கம்பியின் முறுக்குக்கும் நூலின் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, டீ ஆறும்வரை சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைச் சிரித்துத் தள்ள முடியாது. வயலின் கம்பி செய்யப்படுவது ஜி, டி, ஏ, ஈ என்கிற மேற்கத்திய சுருதிக்கு. நாம் கட்டுவது ச-ப-ச-ப. ஐந்து கட்டையில் பாடுகிற பெண்மணிக்கு வாசித்தால் கீழ்க் கம்பிகள் இரண்டும் அதே இடத்தில் நிற்கும். மேல் கம்பிகள் ஒரு முழுச் சுரம் இறங்கும். மூன்று கட்டைக்கு வந்தால் கீழ்க் கம்பிகள் மூன்று அரைச்சுரமும் மேல் கம்பிகள் ஐந்து அரைச்சுரமும் தளர்ந்துவிடும். ஒரு கட்டையில் பாடுகிற ஆண் குரலுக்கு இன்னும் கீழே போக வேண்டும். தளர்ந்த கம்பியில் வில்லை அழுத்தினால் சுரம் அசையும், நாதம் அமுங்கும். நீளத்தை மாற்ற முடியாது; ஆகவே இன்னும் கனமான கம்பியைப் போட்டால்தான் விறைப்பு நிற்கும். இதற்கு மேல் நம்முடைய ஜாருவும் கமகமும். விரல் எண்ணெயும் வியர்வையுமாகக் கம்பி மேலே மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருக்க, மேல்சுற்று தேய்ந்து பிரிய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து இருநூறு வருஷம் ஆகிறது, வியன்னாக்காரன் இன்னும் நம்மளை நெனச்சு முறுக்க மாட்டீங்கறானே என்பது பெரியப்பாவின் தீராத குறை. குறை நியாயமானது. அதைப் போகிற வருகிற கல்யாண வீட்டில் எல்லாம் சொல்வதுதான் அநியாயம்.

கோயில் கச்சேரிக்கும் தவறாமல் வருவார். பாடகர் தோடியில் கரைந்துகொண்டிருப்பார். சபை கண்ணை மூடியிருக்கும். பெரியப்பா மட்டும் பக்கத்து ஆள் தொடையைத் தட்டி, "மூணாவது கம்பி, போன ஆடியில போட்டது" என்பார்.

வயலினோடு நின்றிருந்தால் வீட்டில் பொறுத்திருப்பார்கள். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. ஊரெல்லாம் படத்தில் ராஜாவைத் தேடியது. பெரியப்பா தேடியது ஆளுயரத்துக்கு நிற்கிற டபுள் பாஸை. அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக அதிர்கிற கம்பி; வயலின் பஞ்சமம் பஞ்சமமாக ஏறினால் இது மத்திமம் மத்திமமாக ஏறுகிறது; விரலால் மீட்டுகிற ஜாஸ்காரர் கேட்கிற கம்பி, வில் போடுகிறவருக்கு ஆகாது; ஒரு நல்ல செட்டு பத்தாயிரத்தைத் தாண்டும். பெருந்துறையில் டபுள் பாஸ் வைத்திருக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் என்ன? அதற்கு எந்தக் கம்பி போட வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கு வாத்தியம் தேவைப்படவில்லை. அவருடைய மேஜையில், மில் கொடுத்த பழைய டைரியில், விலை, உலோகம், கனம் என்று மூன்று பத்தியாக எழுதி வைத்திருக்கிறார். எஃகுக்கு முன்னால் பாஸுக்கும் ஆட்டுக் குடல்தான் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"அத்தன கொடலையும் கம்பியாக்கிப் போட்டா நோம்பிக்கு நான் எதுல கொழம்பு வெக்கறது?" என்றார் பெரியம்மா. விருந்துக்கு வந்தவர்கள், பெரியப்பா எங்கே என்று கேட்டால் பெரியம்மாவிடம் ஒரே பதில்தான்: "உள்ள கம்பி எண்ணிக்கிட்டிருக்காருங்க." புதிதாக வந்த சம்பந்தி வீட்டார் ஒருமுறை பயந்தே போய்விட்டார்கள்.

கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து செட் வந்தது. பெரியப்பா வாங்கவில்லை; மருமகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிவிட்டார். பெரியப்பா உறையைப் பிரித்து, பிக் கிளாஸால் பார்த்து, பெருமூச்சு விட்டு, மாட்ட உட்கார்ந்தார். நான்கு கம்பிகளையும் ஒரே சமயத்தில் கழற்றினார். கழற்றியதும் பிரிட்ஜ் சாய்ந்தது. உள்ளே சவுண்ட் போஸ்ட் என்கிற சின்ன மரக்குச்சி ஒன்று மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவில் வெறும் அழுத்தத்தால்தான் நிற்கிறது, ஒட்டியிருப்பதில்லை. கம்பிகளின் இழுப்பு போனதும் அது தொப்பென்று விழுந்து, வயலினைத் தூக்கும்போதெல்லாம் கிலுகிலுத்தது. எட்டு கம்பெனிக் கம்பியின் உலோகக் கலவை தெரிந்தவருக்கு இது தெரியாது. டைரியில் அதற்குப் பத்தி இல்லை. பேத்திதான் டீச்சரிடம் தூக்கிக்கொண்டு போய் நிமிர்த்தி வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் புதுக்கம்பியில் மாயாமாளவகௌளை வாசித்தாள். வீடே நிறைந்தது. பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். பெரியப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்து முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. அடுத்த செட்டு எதுன்னு இப்பவே பாக்கோணும்" என்றார்.

வயலின் வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். பிரிட்ஜ் முன்னால் சாய்கிறதா என்று நடுநடுவே பாருங்கள். புதுக்கம்பி இழுபட்டுச் சுருதியில் நிற்கச் சில நாள் ஆகும். கச்சேரிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். பெருந்துறைப் பக்கம் பெட்டியோடு வரும்போது பெரியப்பா எதிர்ப்பட்டால், கம்பி புதுசு என்று சொல்லாதீர்கள், பில் கேட்பார். பழசு என்றும் சொல்லாதீர்கள். கூடவே கோயமுத்தூருக்குக் கிளம்பிவிடுவார். இரவல் வயலின் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.