பூநாரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

கேள்வி: எங்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கு வரும் பூநாரைகளைப் படமெடுக்க லென்ஸ் வாங்கப் போகிறேன். கடையில் எப்படிச் சோதிப்பது? யூ.வி. ஃபில்டரும் அவசியமா?
- ஒரு வாசகி, பெரும்பாக்கம்

பதில்: 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள், பாதி அதிர்ஷ்டம் ஏற்கெனவே கையில்! பூநாரை நமக்காக ஓரடிகூட முன்னே வராது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் அது வெறும் இளஞ்சிவப்புப் புள்ளிதான். 400 மி.மீ. வரை எட்டும் ஜூம் வாங்குங்கள்.

உங்கள் கேமராவையே கடைக்குக் கொண்டுபோங்கள். நாளிதழைச் சுவரில் ஒட்டி, ட்ரைபாடில் நேராக வைத்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். ஒரு மூலையில் மட்டும் எழுத்து மங்கினால், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். வேறு பீஸ் கேளுங்கள். சாலையில் ஓடும் ஆட்டோவை ஃபோகஸ் விடாமல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஜிட்டல் சென்சாரின் முன்னால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே உண்டு. மலிவான யூ.வி. ஃபில்டர் கூர்மையைத்தான் குறைக்கும். அந்தப் பணத்தில் லென்ஸ் ஹுட் வாங்குங்கள். நீரின் பளபளப்பை அடக்கப் போலரைசர் உதவும். ஆனால் ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மதியக் கானலையோ எந்த லென்ஸும் வெல்லாது. அதற்கு ஒரே ஆக்சசரி, விடியற்காலை அலாரம். விலையும் கிடையாது!