உட்லண்ட்ஸ்வாசிகள் ஊர் காட்டும் முறைமை: ஓர் ஆராய்ச்சி

உட்லண்ட்ஸில் குடியிருப்போர் சிங்கப்பூரின் சரித்திரச் சின்னங்களைத் தாமாகப் போய்ப் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து மாமாவோ சம்பந்தியோ வந்திறங்கினால்தான் பார்ப்பர். இஃது இவ்வாராய்ச்சியின் முதற்கோள். அற்றேல், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பாரே எனின், அது பார்த்ததன்று, வரிசையில் நின்றதே என்க.

வந்தவர் தஞ்சாவூர்க்காரராயின் சிக்கல் முற்றும். 1010-இல் கட்டி முடித்த கோயிலுக்குச் சாயங்காலக் காற்று வாங்கப் போகிறவர் அவர். அவரைப் பழுப்புத் தடத்து ரயிலில் ஏற்றி, எங்கும் மாறாமல் மேக்ஸ்வெல்லில் இறக்கி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, "மாமா, இங்கே இருக்கிற இந்துக் கோயில்லயே இதுதான் ரொம்பப் பழசு, 1827" என்கிறார் மருமகன். 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அத்தாப்புக் கூரையில் தொடங்கியது. 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம். மாமா கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். "நேத்துப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு மாப்ள." இது புகழ்ச்சியா பழிப்பா என்பது இன்னும் துணியப்படவில்லை.

மெர்லயன் சிலையைப் பற்றி அதிகம் வேண்டா. 1972-இல் நிறுவியது, 8.6 மீட்டர் உயரம். 2002-இல் 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். உற்சவர் புறப்பாடு மாமாவுக்குப் பழக்கம். மூலவர் புறப்பாடு புதிது.

தேசிய அரும்பொருளகத்தில்தான் அவர் உண்மையாகவே நின்றார். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் கிடந்த எழுத்துப் பாறையை 1843-இல் வெள்ளைக்காரர் வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய ஒரு துண்டு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இதுவரை எவரும் படித்ததில்லை. சுவரெங்கும் கல்வெட்டுள்ள கோயிலடியில் வளர்ந்த மனிதர் கண்ணாடிமேல் மூக்கு படக் குனிந்து ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார். "கல்வெட்டுக்குப் போயி வெடி வைப்பானா?" என்று காவலரிடமே கேட்டார். காவலர் தமிழரல்லர், தப்பினார்.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில் நின்று மாமா கை நீட்டி, "அது என்ன?" என்றார். "அதுவா? ஜொகூர் போற வழி." புலாவ் உபின், புக்கிட் தீமா கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய 1,056 மீட்டர் கடற்பாலம், 1923-இல் ரயில் ஓடி, 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது, 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை உடைத்தது, ஜப்பானியர் பின்னர் செப்பனிட்டனர். இத்தனையும் வீட்டுச் சன்னலுக்கு வெளியே கிடக்க, உட்லண்ட்ஸ்வாசி அறிந்ததெல்லாம் இரண்டே: சனிக்கிழமை காலையில் போகக்கூடாது, சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. நாள்தோறும் கடப்பதைச் சின்னம் என்று எவரும் எண்ணார். சின்னமாவதற்கு டிக்கெட்டோ தகவல் பலகையோ வேண்டும் என்பது துணிபு.

"எந்த வருஷம் கட்டினது மாப்ள?"

மருமகன் கைபேசியை எடுத்தார். தேடியது வருஷத்தை அன்று, போக்குவரத்துக் கேமராவை.

"இப்ப ஜாம் இல்ல மாமா. பாஸ்போர்ட் கையில இருக்கா?"