பாதிப் படியில் நின்ற தாதா

ஜப்பானில் காமிக்ஸ் வரைகிறவர்களுக்கு இரண்டு வகைக் கொடுமை உண்டு. கதை முடிந்துவிட்டது, ஆளை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் முடிக்க விடமாட்டார்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே ஐயா என்று கதறினால், அடுத்த வாரத்தோடு மூட்டை கட்டு என்பார்கள். முதல் கொடுமையை அனுபவித்தவர் ஹிரோஷி மோதோமியா. இரண்டாவதை அனுபவித்தவர் அவருடைய பரம பக்தர் மசாமி குருமடா. இருவரும் விற்றது ஒரே சரக்கு: பள்ளிக்கூட தாதாக்கள். இருவரையும் வாட்டியதும் ஒரே பத்திரிகை: ஷூஎய்ஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்'.

1968இல் ஜம்ப் பிறந்தபோது பெயர்பெற்ற ஓவியர்களை எல்லாம் மூத்த பத்திரிகைகள் ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தன. கிடைத்த இளவட்டங்களை வைத்து ஒப்பேற்ற வேண்டிய நிலை. அப்படிக் கிடைத்தவர்தான் மோதோமியா. அவர் வரைந்த 'ஒதோகோ இப்பிகி காகி தாய்ஷோ'வின் நாயகன் மான்கிச்சி ஒரு சண்டியர். இவனிடம் அடி வாங்கியவன் மறுநாளே இவனுக்குத் தொண்டனாகிவிடுவான். அடித்து அடித்தே ஊர், வட்டாரம், நாடு என்று படை திரட்டினான். கட்சி ஆரம்பிக்காதது ஒன்றுதான் பாக்கி.

பையன்கள் சொக்கிப்போனார்கள். மோதோமியாவோ களைத்துப்போனார். புஜி மலையடிவாரத்தில் ஒரு மாபெரும் யுத்தத்தை மூட்டி, மான்கிச்சியை ஈட்டியால் குத்திச் சாய்த்து, கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்தை வாங்கிப் போன ஆசிரியர் செய்த காரியம் ஜப்பானிய காமிக்ஸ் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. வெள்ளை மையை எடுத்து 'முற்றும்' மீது பூசிவிட்டார். கதை தொடர்ந்தது. நாயகனை ஈட்டி குத்தினால் என்ன, விற்பனையைக் குத்தவில்லையே! 1973 வரை மான்கிச்சிக்குச் சாவும் இல்லை, மோதோமியாவுக்கு விடுதலையும் இல்லை.

இந்த மான்கிச்சியைப் படித்துப் பித்தாகிப்போனவன்தான் குருமடா. 1953இல் தோக்கியோவின் ட்சுகிஷிமாவில் பிறந்தவன். படித்தவுடன் இவனுக்கும் தாதா கதை வரைய வேண்டும் என்ற வெறி. 1974இல் ஜம்பில் முதல் தொடர், 'சுகேபன் அராஷி'. நாயகி ஒரு பெண் ரவுடி. அறிமுகமே அடிதடியோடுதான். அது சீக்கிரமே அடங்கிப்போனது.

1977இல் 'ரிங் நி காகெரோ' வந்ததும் 'அவன்' 'அவர்' ஆனார். ஆரம்பத்தில் அது ஒழுங்கான குத்துச்சண்டைக் கதை. அக்கா பயிற்சி தர, தம்பி வியர்வை சிந்த, பார்க்கிறவர்கள் மூக்கு உறிஞ்ச வேண்டிய மாதிரி. அப்புறம் குத்துகளுக்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்த குத்துக்குப் பின்னால் நட்சத்திர மண்டலங்கள் சுழன்றன. எதிரணியில் கிரேக்கப் புராணத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஆட்கள். குத்து வாங்கியவன் வளையத்தைத் தாண்டிப் பறந்து தலைகுப்புற விழுவான். குருமடாவின் உலகில் புவியீர்ப்பு விசை தலையை மட்டும்தான் இழுக்கும். 1981இல் அந்தத் தொடர் முடிந்தபோது கடைசி அத்தியாயத்தை வண்ணத்தில், இதழின் தொடக்கத்திலேயே போட்டு மரியாதை செய்தது ஜம்ப். அங்கே கடைசி அத்தியாயம் என்பது வழக்கமாகப் பின்பக்கங்களில் ஓசைப்படாமல் நடக்கும் நல்லடக்கம். இவருக்கோ மேளதாளம். இடையில் 'ஃபூமா நோ கோஜிரோ' என்று நிஞ்ஜா பையன்களை வைத்து ஒன்று. அதுவும் ஓடியது.

ஓடுகிற குதிரைக்கு ஒரு நாள் தன் இஷ்டப்படி ஓட ஆசை வரும். 1984இல் குருமடா தன் கனவுக் கதையைக் கையில் எடுத்தார். பெயர் 'ஒதோகோஸகா'. ஜப்பானியக் கோயில்கள் சிலவற்றில் ஏறுவதற்கு இரண்டு வழி இருக்கும். செங்குத்தான படி ஆண்களுக்கு, சாய்வானது பெண்களுக்கு. செங்குத்தானதுதான் ஒதோகோஸகா. முழங்கால் வலி இருந்தாலும் ஆம்பளை அதில்தான் ஏறியாக வேண்டும் போலும். இந்தக் கதையை வரைவதற்காகவே தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாகப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார் மனிதர். பின்னால் வாபஸ் வாங்க முடியாத வாக்குமூலம்.

நாயகன் கிகுகாவா ஜிங்கி, சிபா பகுதியில் குஜூகுரி கடற்கரைப் பையன். தோல்வியே அறியாதவன். வந்த வேகத்திலேயே மேற்கு ஜப்பானின் தலைவன் தகேஷிமா ஷோவிடம் உதை வாங்குகிறான். வாங்கிய கையோடு மலையேறி, சண்டைப் பேய் என்று பெயரெடுத்த ஒருவரிடம் பாடம் கேட்கப் போகிறான். இதற்கிடையில் உலக நாடுகளின் குட்டி தாதாக்கள் எல்லாம் கூடி ரகசிய மாநாடு நடத்துகிறார்கள். ஜப்பானுக்கு என்று ஒரு தலைவன் இல்லாததால் அதை மடக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆக, ஜிங்கி நாடு முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு ஊர் தாதாவையும் அடித்தோ அணைத்தோ ஓரணியில் திரட்ட வேண்டும். கூட்டணிப் பேச்சுவார்த்தை இல்லாத கூட்டணி. இத்தனையும் செய்கிறவர்கள் யார் என்றால், நடுநிலைப்பள்ளி மாணவர்கள். தோள் மட்டும் இரட்டைக் கதவு அகலம். வீட்டுப்பாடத்தை எப்போது எழுதினார்கள் என்பது குருமடாவுக்கே வெளிச்சம்.

எல்லாம் சரி. ஆனால் கதை பதினைந்து வருடம் பிந்தி வந்துவிட்டது. நீளக் கருஞ்சட்டையும் மரச்செருப்புமாக முழங்கும் தாதாவை 1984இல் யார் மதித்தார்கள்? நிஜ ரவுடிப் பையன்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறி, தலைமுடியை முன்னால் தூக்கிச் சீவிக்கொண்டிருந்தார்கள். 'பீ-பாப் ஹைஸ்கூல்' மாதிரிக் கதைகளில் ரவுடிகளின் முழுநேரக் கவலை பெண்பிள்ளைகளைப் பற்றியது. இதைவிடக் கேவலம், எண்பதுகளின் ஆரம்பத்தில் பூனைக்குட்டிகளுக்கே அந்த ரவுடிச் சட்டையை மாட்டிப் படம் எடுத்து, 'நாமெநெகோ' என்று நாடு முழுக்க விற்றுத் தீர்த்திருந்தார்கள். பூனைக்குட்டி போட்டுக் கழற்றிய சட்டையை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லாமல் ஜப்பானைக் காப்பாற்றக் கிளம்பினான் ஜிங்கி. குருமடா நகைச்சுவைக் கதை வரையவில்லை. வாசகர்கள்தான் அதை நகைச்சுவையாக்கிக் கொண்டார்கள்.

ஜம்பில் தலைவிதியை எழுதுவது பிரம்மா அல்ல, அஞ்சலட்டை. பிடித்த மூன்று கதைகளை வாசகப் பையன் குறித்து அனுப்புவான். குறி குறைந்தால் முந்தைய வெற்றி எதுவும் செல்லாது. புதியவராக இருந்தால் பத்து வாரத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். குருமடா என்பதால் முப்பது வாரம் போல விட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 'ஹோகுதோ நோ கென்'னில் விரலால் தொட்டாலே ஆட்கள் வெடித்துக்கொண்டிருந்தார்கள். 1984 முடிவதற்குள் வால் முளைத்த ஒரு பொடியன் மேகத்தில் ஏறி வந்தான், பெயர் கோகு. தோளை விரித்து ஆண்மையைப் பற்றிப் பேசும் பையனுக்கும், பந்தைத் தேடிப் பறக்கும் பையனுக்கும் போட்டி என்றால் அஞ்சலட்டை எந்தப் பக்கம் போகும்?

1985ஆம் ஆண்டின் 12ஆம் இதழோடு கதை மூடப்பட்டது. ஜிங்கி அப்போதுதான் ஊர் ஊராக ஆள் சேர்க்க ஆரம்பித்திருந்தான். உலக தாதாக்கள் வந்து இறங்கவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் நான்கு பக்கத்தில் எல்லாரையும் கொன்றோ சேர்த்துவைத்தோ கணக்கை முடித்திருப்பார்கள். குருமடா அதைச் செய்யவில்லை. படியில் ஏற இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன் என்று நாயகனைச் சொல்ல வைத்தார். அதோடு விடாமல், எட்டு ஊருக்குத் தெரிகிற மாதிரி 'முற்றுப்பெறவில்லை' என்று பிரம்மாண்டமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். மோதோமியா எழுதிய முற்றும் மேல் வெள்ளை மை பூசிய அதே பத்திரிகை, இதை அப்படியே அச்சிட்டது. மை தீர்ந்துபோயிருக்கலாம்.

தொடர் மூன்று தொகுதிகளில் அடங்கியது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு ஜப்பானில் எந்தக் கதை அற்பாயுளில் போனாலும், இவனும் படியேறப் போய்விட்டான் என்று கிண்டல் செய்வது வழக்கமாயிற்று. சிரிப்புக் கதை வரைகிறவர்கள் அந்தப் பக்கத்தை மாற்றி மாற்றி வரைந்து தள்ளினார்கள். நூறு அத்தியாயம் கண்ட தொடர்கள் மறந்துபோக, முப்பதில் செத்தது இன்றும் உயிரோடிருக்கிறது.

அடி வாங்கிய ஜிங்கி மலைக்குப் போனான். அடி வாங்கிய குருமடா நேராகச் சந்தைக்குப் போனார். இனி எனக்குப் பிடித்ததை அல்ல, ஓடுவதை வரைகிறேன் பார் என்ற கணக்கு. 1986ஆம் ஆண்டின் முதல் இதழிலேயே 'செய்ன்ட் செய்யா' வந்தது. உற்றுப் பார்த்தால் இதுவும் அதே அடிதடிப் பையன்கள்தான். கருஞ்சட்டையைக் கழற்றி, நட்சத்திர மண்டலத்தின் பெயரில் பளபளக்கும் கவசம் மாட்டி, தாய்நாட்டுக்குப் பதில் அதீனா தேவிக்காக உதை வாங்க விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்து 114 அத்தியாயங்கள் ஓடியது. கழற்றி மாட்டும் கவசத்தோடு பாண்டாய் நிறுவனம் பொம்மை செய்து குவித்தது. பிரான்ஸ், மெக்ஸிகோ, பிரேசில் என்று பிள்ளைகள் ராசிக்குத் தக்க வீரனைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஜிங்கி ஊர் ஊராகத் திரட்ட நினைத்த கூட்டத்தை ராசிச் சக்கரம் உலகம் முழுக்கத் திரட்டிவிட்டது.

இந்த வெற்றியும் அவரை அஞ்சலட்டையிடமிருந்து காப்பாற்றவில்லை. 1990இல் செய்யாவின் இறுதி அத்தியாயத்துக்கு ஜம்பில் இடமில்லை; புதிதாகக் கிளம்பிய 'வி ஜம்ப்'பில் போய் முடிந்தது. 1992இல் தொடங்கிய 'சைலன்ட் நைட் ஷோ' இரண்டு தொகுதியில் மூச்சை விட்டது. அதன் பிறகு கடோகாவா நிறுவனத்துக்குப் போய் 'பீட் எக்ஸ்' வரைந்தார்.

கடைசியில் 2014. குருமடாவுக்கு வயது 60. செய்யாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் மனிதர் ஏறக்குறைய முப்பது வருடம் கிடப்பில் கிடந்த ஒதோகோஸகாவைத் தூசு தட்டி எடுத்து, விட்ட இடத்திலிருந்தே வரைய ஆரம்பித்தார். இந்த முறை இணையத்தில். அதே கருஞ்சட்டை, அதே தோள், அதே முறைப்பு. முதலில் படித்த பையன்கள் அதற்குள் வழுக்கை விழுந்த குடும்பஸ்தர்கள். ஜிங்கி மட்டும் அத்தனை வருடத்தில் ஒரு வகுப்புகூடத் தேறாமல் அங்கேயே நின்றான். அவன் விஷயத்தில் பள்ளி நிர்வாகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கதையில் யாரும் கேட்கவில்லை.