வில்லாளிக்கு முகம் வந்த கதை

எழுபதுகளின் நடுவில், லீட்ஸ் நகரத்தில் போர் விளையாட்டுக்காக இடைக்கால இங்கிலாந்துப் பொம்மைப் படை ஒன்றைத் திரட்ட நினைத்த பையனுக்கு அதிக வழிகள் இல்லை. நூலகத்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ கிடைக்கும். கையில் சில்லறை மட்டும் இருந்தால் ஏர்ஃபிக்ஸ் பெட்டிதான்: ராபின் ஹூட் ஒன்று, நாட்டிங்ஹாம் ஷெரிஃப் ஒன்று. இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆட்கள். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, ஹம்ப்ரால் எனாமலை எவ்வளவு பக்குவமாகப் பூசினாலும், ஈட்டி ஒருமுறை வளைந்தால் போதும், பெயிண்ட் செதில் செதிலாக உதிரும்.

காசு சேர்ந்தால் ஈயம் கலந்த வார்ப்புச் சிப்பாய்கள். ஹடர்ஸ்ஃபீல்டை ஒட்டிய மெல்த்தத்தில், எங்களுக்குப் பக்கத்திலேயே, ஹிஞ்ச்லிஃப் நிறுவனம் அவற்றை வார்த்துக்கொண்டிருந்தது. 25 மில்லிமீட்டர் அளவு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். பிசிறுகளை அரத்தால் தேய்த்து முடிக்கும்போது விரல் நுனி சாம்பல் நிறமாகியிருக்கும். அந்தக் கனத்தை நான் இன்றும் நேசிக்கிறேன்.

அன்றைய ஆட்டம் முழுக்கக் குதிரையேறிய நைட்டுகளைச் சுற்றித்தான். வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்பின் விதிகளில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். நைட்டின் கேடயச் சின்னத்துக்கு ஒரு மாலைப்பொழுது, குதிரைப் போர்வைக்கு இன்னொன்று என்று செலவழிப்போம். வில்லாளிகளுக்கு அந்த மரியாதை கிடையாது. எல்லோருக்கும் ஒரே அச்சு, ஒரே நிலை, ஒரே முகம். வரிசையாக நிறுத்தி, கடைசி ஆள்வரை தோல் நிறம், திரும்ப முதலிலிருந்து பழுப்பு. நாங்கள் படித்த வரலாற்றிலும் பிரபுவுக்குப் பெயரும் கொடியும் இருந்தன, வில்லாளிக்கு இருந்தது எண்ணிக்கை மட்டும்.

இன்று என் மேசையில் இருப்பது ஆலன், மைக்கேல் என்ற பெர்ரி இரட்டையர்களின் பிளாஸ்டிக் படை. லான்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பங்கள் இங்கிலாந்து அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்க் காலத்துக் காலாட்படை. உடல் தனி, கை தனி, தலை தனி. எந்த உடலோடு எந்தத் தலை சேர வேண்டும் என்பது என் முடிவு. ஒருவன் அம்பை எடுக்கக் குனிகிறான், ஒருவன் நாணை முழுதாக இழுத்துவிட்டான், இன்னொருவன் வாய் திறந்து எதையோ கத்துகிறான். கனம் ஒன்றைத் தவிர, அன்றைய படையைவிட இது எல்லா வகையிலும் மேலானது என்று தயங்காமல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் நிறையக் கூடி விளையாடிய கூட்டம் மட்டும் இன்று இல்லை. அதற்கு ஏங்குகிறேன்.

ஒரே பூச்சில் நிழலையும் ஒளியையும் தரும் காண்ட்ராஸ்ட் பெயிண்ட் 2019இல் வந்தது. மேலங்கிகளுக்கு அதுவே போதும். ஆனால் நெஞ்சில் வரும் சின்னத்தைக் கையால்தான் வரைவேன். வார்விக் பிரபுவின் ஆட்களுக்குச் சிவப்பு அங்கியில் வெள்ளைக் கணுத்தடி. ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்களுக்கு நட்சத்திரம்: முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி, அது ஈரமாக இருக்கும்போதே பிரஷ் நுனியால் வெளிநோக்கி இழுக்கும் கோடுகள். எட்வர்ட் மன்னரின் கதிர்விரித்த சூரியனையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வரைய வேண்டும். இரண்டையும் முடித்துக் கையெட்டும் தூரத்தில் நிறுத்தினால் எது சூரியன், எது நட்சத்திரம் என்று தெரியாது. 1471 ஏப்ரல் 14 அன்று, வார்விக்கும் ஆக்ஸ்ஃபோர்டும் எட்வர்டை எதிர்த்துப் போரிட்ட பார்னெட்டில் நடந்ததும் அதுதான். எதிரியைத் துரத்திவிட்டு மூடுபனிக்குள் திரும்பி வந்த ஆக்ஸ்ஃபோர்டின் ஆட்களை, அவர்கள் சின்னத்தைச் சூரியன் என்று நினைத்துச் சொந்தத் தரப்பே அம்பெய்தது என்கிறார்கள். துரோகம் என்ற கூச்சல் கிளம்பிப் படை குலைந்தது. வார்விக் அன்றே கொல்லப்பட்டார். இதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தவன்தான். மூன்று மில்லிமீட்டர் சின்னத்தை வரைந்த பிறகே, அந்தப் பனியில் நின்றவனின் கண்ணால் பார்க்க முடிந்தது.

லீட்ஸிலிருந்து காரில் கிளம்பினால் சற்று நேரத்தில் ரோஜாப் போரின் இன்னொரு களமான டவ்டன் வந்துவிடும். 1996இல் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டியவர்கள் ஒரு குழியில் முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். 1461இல் அங்கே நடந்த போரில் மடிந்தவர்கள். பெரும்பாலான வெட்டுகள் தலையில். அவர்களில் நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குத் தாடையில் ஆழமான பழைய வெட்டு இருந்தது. அது எப்போதோ நன்றாக ஆறியிருந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. என் படையில் அவருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்: நரைத்த தாடிக்குள், தோல் நிறத்தைவிடச் சற்று வெளுத்த ஒரு கோடு.

“அப்பா, இவருக்கு மட்டும் ஏன் இங்க கோடு போடுறீங்க?” என்றாள் மகள்.

“முன்னாடி ஒரு சண்டையில வெட்டு வாங்கிப் பிழைச்சவர்மா இவர்.”

“அவ்வளவு பட்டும் ஏன் திரும்ப வந்தார்?”

கூலி, பிரபுவின் ஆணை, நிலத்தின் மேல் பிரபுவுக்கு இருந்த பிடி என்று தெரிந்தவரை சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான். அன்றிலிருந்து தலைகளைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு.

இப்போது லான்காஸ்டர் தரப்பு வில்லாளிகளுக்கு வந்திருக்கிறோம். மார்ச் 29 அன்று டவ்டனில் பனிக்காற்று அவர்கள் முகத்தில் அடித்தது. எதிரியின் அம்புகள் காற்றோடு வந்து விழ, இவர்கள் எய்தவை எட்டாமல் நடுவிலேயே விழுந்தன. அதனால் கண்ணைச் சுருக்கிய முகங்களாகப் பொறுக்கித் தனிக் கிண்ணத்தில் போட்டுவைத்திருக்கிறாள். நான் அவற்றின் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் குளிரின் சிவப்பைத் தொட்டு வைக்கிறேன்.